திண்டுக்கல் மொட்டை மாடியில் நாலு பேர்

திண்டுக்கல்லுக்கு நான் போனது ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக. ஆனால் விமானத்தில் ஏறியதிலிருந்து, பேசாமல் தப்பிக்க என்ன வழி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லலாம். தலைசுற்றல் என்று சொல்லலாம். காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இல்லாத நோயைச் சொல்லத் தெரியாதா என்ன.

விஷயம் இதுதான். மஸ்கட்டில் என்னோடு ஒரே ஃப்ளாட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவள் செல்வி. அவளும் நர்ஸ். ஊர் செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். நான் நாகர்கோவில்காரி. இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை; ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். போன வருஷம் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தை ஊர்த் திருச்சபையில் வைத்திருப்பதாக அவள் தம்பி தேவராஜ் ஃபோன் செய்தார். நான் வந்து பேச வேண்டுமாம். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

"அந்த நாலு பேரு கூரையப் பிரிச்சு எறக்குவாகள்ல, அதச் சொல்லிப் பேசுங்கக்கா. செல்விக்கா ஃபோன்ல எப்பவும் அதத்தான் சொல்லும். எனக்கு நாலு பேரு இல்லடா, ஒருத்திதான், ஆனா அவ நாலு பேருக்குச் சமம்னு உங்களச் சொல்லும்."

ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லாருக்கும் தெரிந்த கதை. நடக்க முடியாத ஒருவனைப் படுக்கையோடு நாலு பேர் தூக்கி வருகிறார்கள். இயேசு இருக்கும் வீட்டில் ஒரே கூட்டம். வாசலில் நுழைய வழியில்லை. கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, அவனை அவர் முன்னால் இறக்குகிறார்கள். தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை அவர் பார்க்கிறார். கடைசியில் நோயாளி எழுந்து, தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்து போகிறான்.

இந்தக் கதை எனக்குப் பிடிக்காமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. செல்விக்காக நான் ஜெபித்தது கொஞ்சநஞ்சமில்லை. அவள் எழுந்து நடக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்குறவங்களுக்கு விசுவாசம் பத்தலன்னா நோயாளி என்ன செய்வாங்க" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அன்றோடு நான் ஜெபிப்பதை விட்டேன். கடவுளோடு சண்டை எதுவும் போடவில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் இருவரும் சேர்ந்து சொல்கிற ஜெபம் அது. ஒருத்தி இல்லை, இன்னொருத்தி சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த நிலைமையில் செல்வியின் ஊர்ச் சனங்களுக்கு முன்னால் நின்று, விசுவாசத்தைப் பற்றி எந்த வாயால் பேசுவது?

திண்டுக்கல்லில் இறங்கியதும் முதலில் காற்றுதான் தெரிந்தது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் இருக்கும். மஸ்கட் காற்றில் அடுப்படி இருக்கும். இது வறண்ட காற்று, ஆனால் முகத்தில் உறுத்தவில்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் மலைக்கோட்டைப் பாறை கண்ணில் பட்டது. ஒரு மரம்கூட இல்லாமல் ஒரு மலை இவ்வளவு தைரியமாக ஊர் நடுவில் உட்கார்ந்திருப்பதை நான் அங்கேதான் பார்த்தேன். தைப்பூச சமயம். ரோட்டின் ஓரமெல்லாம் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள்.

தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று தேவராஜ் வற்புறுத்தினார். நான் மாட்டேன் என்றேன். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது என்னுடைய பிடிவாதம். செல்வி அதைத் திமிர் என்பாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரண்டாம் மாடியில் அறை கிடைத்தது. லிஃப்ட் இல்லை. மேனேஜர் ஒரு பாய், வெள்ளைத் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"கூட யாரும்மா வர்றாங்க?"

"யாரும் இல்லை."

"அப்ப ஒரு தலகாணி போதும்ல" என்று சொல்லி, கட்டிலில் இருந்த இரண்டில் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஊரில் வேறு யாருக்கோ தலையணை தேவைப்பட்டிருக்கும். இருந்தாலும் கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திண்டுக்கல் வந்து பிரியாணி சாப்பிடாமல் போவதா என்று மத்தியானம் ஒரு கடைக்குப் போனேன். பரிமாறியவர்கள் வடநாட்டுப் பையன்கள். ஒருவன் இன்னொருவனிடம் இந்தியில், "அந்தம்மா தனியா வந்திருக்கு, பெரிய மேஜையக் கொடுத்துராத, ஆளு வந்தா எழுப்ப முடியாது" என்றான். வளைகுடாவில் பழகிய எனக்கு இந்தி தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை கிடைத்தது. எங்கள் பக்கம் சம்பா அரிசி என்றால் சிவந்து தடித்திருக்கும். இங்கே சீரகச் சம்பா பெயருக்கேற்றபடி பொடியாக இருக்கிறது. பிரியாணி பிரமாதம். ஆனால் நல்ல சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடும்போது அதைச் சொல்வதற்கு ஆள் தேடி வாய் தானாகத் திறக்கிறது. நான் தண்ணீர் குடித்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் செல்வியின் ஊருக்குக் கிளம்பினேன். பழனி பஸ் செம்பட்டி வழியாகத்தான் போகும் என்று எவரோ சொன்னதை நம்பி ஏறி உட்கார்ந்துவிட்டேன். மதுரையிலிருந்து வருகிற பழனி ரோடுதான் செம்பட்டி வழியாம். நான் ஏறியது வேறு வழி. டிக்கெட் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கண்டக்டர் கோபப்படவில்லை.

"செம்பட்டிக்கு வத்தலக்குண்டு பஸ்ல ஏறணும்மா. போர்டு பாக்காம கூட்டத்தோட ஏறிட்டீங்களாக்கும்."

நடுவழியில் இறக்கிவிட்டார். எதிர்ப்பக்கம் நின்று, திரும்பத் திண்டுக்கல் வந்து, வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்து, செம்பட்டியில் இறங்கும்போது உச்சி வெயில். செல்வி இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

தேவராஜ் பைக்கோடு காத்திருந்தார். தென்னந்தோப்பு, முருங்கை, நடுவில் சம்பங்கித் தோட்டம் என்று வழியெல்லாம் பச்சை. அந்தப் பக்கத்தை வறண்ட பூமி என்று நினைத்திருந்தேன். "பம்புசெட்டு இருக்க வரைக்கும் பச்சை, அதத் தாண்டினா ஒண்ணும் இல்லக்கா" என்றார் தேவராஜ். வீட்டில் அவர் மனைவி சோறும் கோழிக்குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்துவிட்டு, "வெஞ்சனம் பெருசா ஒண்ணும் செய்யல மதினி, கோவிச்சுக்கிறாதீங்க" என்றார். செல்வியை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே என்னையும் கூப்பிட்டார்.

சபைக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் இருந்த செல்வியின் படம் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்தது. என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். முழுதாக வெட்ட முடியவில்லை. அவள் தோள்மேல் என் விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. தேவராஜிடம் தொண்டை வலி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் ஃப்ளெக்ஸின் முனையில் கயிறு தளர்ந்திருந்ததை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் நாளைச் சாயங்காலம்தானே, நாளைக் காலையில் ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம் என்று லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த நாளைக் காலையில், லாட்ஜ் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

விழுந்த உடனேயே தெரிந்துவிட்டது. வலது கணுக்காலில் எலும்பு போயிருக்கிறது. இடது முட்டி திருகிக்கொண்டது. இரண்டு காலையும் ஊன்ற முடியவில்லை. பொய்யாக ஒரு நோய் தேடிக்கொண்டிருந்தவளுக்கு நிஜமாகவே ஒன்று வந்துவிட்டது, இனிமேல் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் முதலில் மனசில் ஓடியது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் ஓடியது. துணியைச் சரிசெய்துகொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து, ஃபோனை எடுத்து பாயைக் கூப்பிட்டேன்.

பாய் மூச்சிரைக்க வந்தார். பின்னாலேயே பக்கத்து அறைக்காரர் பனியனோடு வந்தார்; ஒட்டன்சத்திரம் பக்கத்து வெங்காய வியாபாரி. சத்தம் கேட்டுக் கீழ் மாடியிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை. கால் கொப்பளித்துப்போனதால் ஒருநாள் அறை எடுத்துப் படுத்திருந்தவர்கள். பெரியவரின் இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது.

"ஆம்புலன்ஸ் வந்துரும்மா. கீழ எறக்குறதுதான் யோசனையா இருக்கு" என்றார் பாய்.

"சேர்ல உக்கார வெச்சுத் தூக்கிறலாமுங்க" என்றார் வெங்காய வியாபாரி.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நம் ஊரில் மாடிவீட்டு நோயாளிகளுக்கு அதுதானே பல்லக்கு. ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். நாலு பேர் என்னைத் தூக்கப்போவது ஒரேயொரு தடவைதான், பாடையில், அது எனக்குத் தெரியவும் போவதில்லை என்று நினைத்திருந்தேன். படி முதல் திருப்பத்திலேயே குறுகியது. நாற்காலி சுவரில் இடித்து நின்றது.

"சேரு திரும்பலீங்க. சாய்ச்சாத் திரும்பும். சாய்ச்சா அக்கா உழுந்துருவாங்க" என்றார் வியாபாரி.

பாய் ஒரு நிமிஷம் யோசித்தார். "மேல போயிருவோம். பக்கத்துக் கட்டடம் நம்ம மச்சானோட ஜவுளிக் கடை. அங்க படி அகலம்."

"எனக்குக் கீழே போகணும் பாய்" என்றேன்.

"கீழ போறதுக்குத்தாம்மா மேல போறோம்."

மொட்டை மாடிப் படி நேர்ப்படி. ஏறிவிட்டார்கள். மேலே வெயில், தண்ணீர்த் தொட்டி, கொடியில் லாட்ஜ் போர்வைகள். இரண்டு கட்டடங்களும் ஒட்டியே இருந்தன. நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அந்தப் பக்கத்து மாடி கொஞ்சம் பள்ளம். வியாபாரியும் இளைய பக்தரும் சுவர் தாண்டிக் குதித்துக் கையை நீட்டினார்கள். இந்தப் பக்கம் பாயும் பெரியவரும். நாற்காலி சுவருக்கு மேலே போனது. எனக்குக் கீழே எதுவும் இல்லை. நாற்காலி ஆட ஆரம்பித்தது.

பெரியவர் சொன்னார்: "தாயி, நீங்க தூக்காதீக. நாங்கதான் தூக்குறோம்ல."

நான் எங்கே தூக்குகிறேன் என்று குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் நாற்காலிப் பிடியை நெரித்துக்கொண்டு, உடம்பைப் பாதி மேலே எழுப்பி வைத்திருந்தேன். தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது. அவர்களுக்குக் கனக்கக் கூடாது என்று என்னை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டம் அதனால்தான்.

இதை எத்தனை நோயாளிகளிடம் நான் சொல்லியிருப்பேன். அரபியில், இந்தியில், மலையாளத்தில். பயந்து உடம்பை இறுக்குகிறவர்கள்தான் கனப்பார்கள். உங்கள் கனத்தை என்னிடம் கொடுங்கள், உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். சொல்வது எளிது. முன்னும் பின்னும் நாலு ஆண்கள் பிடித்திருக்க, மொட்டை மாடிச் சுவர்மேல் தொங்கும்போது அப்படிச் செய்யக் கஷ்டமாக இருந்தது. கையைத் தளர்த்தினேன். தோளை இறக்கினேன். எடை முழுவதையும் விட்டேன். நாற்காலி ஆடுவது நின்றது. "முருகா" என்று மூச்சோடு சொல்லிக்கொண்டே பெரியவர் என்னை அந்தப் பக்கம் விட்டார்.

அந்தப் பக்கத்து மாடியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி என்று நினைத்து, "இன்னும் செத்த நேரம்தாம்மா" என்று பாய் தேற்றினார். வலி இல்லை. செல்வியின் ஞாபகம். கடைசி மாதங்களில் அவளைக் கட்டிலிலிருந்து குளியலறைக்குத் தூக்கிப்போவது நான்தான். ஒருநாள்கூட அவள் உடம்பை இறுக்கியதில்லை. கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, முழுக் கனத்தையும் என்மேல் விட்டுவிடுவாள். காலைக் கொஞ்சம் ஊன்றக் கூடாதா என்று கோபித்திருக்கிறேன். சீக்காளிக்குத் தெம்பில்லை என்று நினைத்தேன். தெம்பில்லாத எத்தனையோ பேர் என் கையில் விறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். இவள் விறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் நெடுநேரம் கிடந்தேன். யாரும் இல்லை. விட்டத்தில் ஒரு மின்விசிறி, எதிர் பெஞ்சில் இரண்டு பெண்கள். "இந்தம்மாவுக்கு யாரு வந்திருக்கா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவள் "ஒருத்தரும் இல்ல போலக்கா" என்றாள். மல்லாக்கக் கிடந்தபடி, பிடிக்காத அந்தக் கதையை முதல் முறையாகப் படுக்கையில் கிடப்பவன் பக்கமிருந்து பார்த்தேன்.

அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கூரையிலிருந்து கயிற்றில் ஆடிக்கொண்டே இறங்குகிறவன், பயந்து ஒருபக்கம் புரண்டிருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்கும். புரளாமல் கிடந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. அப்புறம் இன்னொன்று. இறக்கின உடனே இயேசு எழுந்து நட என்று சொல்வதில்லை. முதலில் விசுவாசத்தைப் பார்க்கிறார். மகனே என்று கூப்பிடுகிறார், பாவத்தை மன்னிக்கிறார். அதற்குப் பிறகு வேதபாரகரோடு, அந்தக் காலத்து வேத பண்டிதர்களோடு, ஒரு வாக்குவாதமே நடக்கிறது. அது முடிந்துதான் எழுந்திருக்கச் சொல்கிறார். அவ்வளவு நேரமும் அவன் தரையில் படுத்துத்தான் கிடக்கிறான், கால் வரவில்லை. விசுவாசத்தைப் பார்த்தாயிற்று, மகனே என்று கூப்பிட்டாயிற்று. அவன் நடந்தானா என்பதை வைத்து அவர் அதை அளக்கவே இல்லை. ஒரு வருஷமாக நான்தான் அளந்துகொண்டிருந்தேன்.

செல்வி நடக்கவில்லை. ஆனால் அவள் என் கையில் கிடந்ததும், நான் அவளைத் தூக்கியதும் பார்க்கப்படாமல் போயிருக்காது. எனக்கு அது அந்த ஸ்ட்ரெச்சரில் தோன்றியது. தோன்றியதால் துக்கம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. கேவிக் கேவி அழுதேன். எதிர் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மாவுக்கட்டு போட்டு வெளியே வந்தபோது தேவராஜ் நின்றிருந்தார். லாட்ஜ் நோட்டில் நான் எழுதியிருந்த நம்பருக்கு பாய் ஃபோன் செய்தாராம். அந்த நாலு பேரையும் பார்க்க வேண்டும் என்றேன். பாய் கவுண்டருக்குத் திரும்பிவிட்டார். வியாபாரி சந்தைக்குப் போய்விட்டார். பழனிக்குப் போகிற இருவரும் கொப்பளக் காலோடு வெயில் ஏறும் முன்னே நடந்துவிட்டார்கள். பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. கூரைமேல் நின்ற அந்த நாலு பேரும் இறக்கிவிட்ட பிறகு கதையில் வருவதே இல்லை.

"கூட்டத்துக்கு வேணாங்கா, படுங்க. நான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிறேன்" என்றார் தேவராஜ்.

"காரைக் கொண்டு வாங்க" என்றேன். "என்னைத் தூக்க ஆளும் கொண்டு வாங்க."

சபையில் சாயங்காலம் நல்ல கூட்டம். முன்வரிசையில் என்னை உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்தார்கள். ஒரு வருஷமாக ஜெபிக்கவில்லை என்பதையும் சொன்னேன். மொட்டை மாடியைச் சொன்னேன். கீழே போவதற்காக மேலே போனதைச் சொன்னபோது சிரித்தார்கள். ஒரு முருக பக்தர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். போதகர் தலையைக் குனிந்துகொண்டார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். செல்வி எப்படிக் கிடந்தாள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்தி உட்காரலாம் என்று பார்த்தால், ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

"சிஸ்டர், நீங்களே ஜெபம் பண்ணி முடிச்சிருங்க" என்றார் போதகர்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். ஜெபம் எந்தச் சொல்லில் தொடங்கும் என்று சின்னப் பிள்ளையிலிருந்தே பழகிய வாய். ஆண்டவரே என்று சொல்லத் திறந்தேன்.

"செல்வி" என்று வந்தது.

செத்தவர்களைக் கூப்பிட்டு ஜெபிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது; அது தப்பு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். திருத்திச் சொல்லலாம் என்றால் குரல் வரவில்லை. அடுத்த வார்த்தையும் வரவில்லை. யாராவது தொண்டையைச் செருமிப் பாட்டை ஆரம்பித்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பெண்குரல், நான் பார்த்தேயிராத ஒருவர், அதே மூச்சில் தொடர்ந்தார்.

"ஆமா ஆண்டவரே, செல்விதான். எங்க செல்வி இப்ப உம்மகிட்டதான் இருக்கா. இந்தா இந்தப் புள்ள தனியா வந்து ஒக்காந்திருக்கு, பாருமப்பா."